டீயும் சரக்கும் ஒண்ணாமே! கூட்டத்துல பேசினவர் சொன்னது சரியா?

பாம்பன்காரன்:
மீன்பிடித் தடைக்காலம் ஓடிக்கிட்டிருக்கு. ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எல்லாம் கரையிலதான். ஆளுக சும்மா இருக்கிற நேரம் பார்த்து எங்க ஊர்ல போதை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாங்க. நல்ல காரியம்தான். ஆனா பேச வந்தவரு, "ஒரு பொருள் இல்லாம ஒருநாள் இருக்க முடியலையா, அது போதைதான். டீயா இருந்தா என்ன, சரக்கா இருந்தா என்ன"ன்னு ஒரே போடா போட்டுட்டாரு. முன்னாடி உக்காந்திருந்த பெருசுக எல்லாம் கையில டீ கிளாஸோட சிரிச்சிட்டாங்க. அத்தோட கூட்டம் கலைஞ்ச மாதிரிதான். யாரு கேக்கணுமோ அவனும் சிரிச்சிட்டு எந்திரிச்சு நேரா டாஸ்மாக் பக்கம் நடந்தான். "நம்மளும் டீ குடிக்கிறவன் மாதிரிதானப்பா"ன்னு அவனுக்கு ஒரு சாக்கு கெடைச்சிருச்சு. இப்படிப் பொத்தாம்பொதுவா பேசுறதால யாருக்கு லாபம்?

நெய்தல்பொண்ணு:
அண்ணே, அவர் சொன்னதுல என்ன தப்பு? நாளைக்கு ஒருநாள் டீ இல்லாம இருந்து பாருங்க. மத்தியானத்துக்குள்ள மண்டை வெடிக்கும். எங்க வீட்டுல டீ பத்து நிமிஷம் லேட்டானா மாமனார் முகம் மாறிடும். வேலை எல்லாம் போட்டுட்டு அடுப்பைப் பத்தவைக்கிறவ நானு. "ரசிச்சுக் குடிக்கிறேன்"னு சொல்றது ஆம்பளைக வசதிக்கு. எங்க அண்ணன் பாட்டிலைத் தொறக்கும்போதும் அதையேதான் சொன்னாரு. இப்ப படகுல பங்கும் இல்ல, வீட்டுல நிம்மதியும் இல்ல. நீங்க கோடு போட்டுப் பிரிச்சா, எல்லாரும் கோட்டுக்கு அந்தப்பக்கம் போயி நின்னுக்குவாங்க. அதனால பிரிக்காமச் சொல்றதே மேல்.

கீழக்கரை காக்கா:
நெய்தல்பொண்ணு தங்கச்சி, எங்க தெருவுக்கு ரமலான்ல வந்து பாருங்க. வருஷம் முழுக்க மணிக்கொரு டீ குடிச்ச மனுசங்க விடியுமுன்ன சாப்பிடுற ஸஹருக்குப் பெறகு, பொழுது சாயுற மஃரிபு வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி தொடமாட்டாங்க. முதல் ரெண்டு மூணு நாள் தலைவலி இருக்கும், நெத்தியைக் கட்டிக்கிட்டுப் படுப்பாங்க. பெறகு சரியாயிரும். சத்தம் இல்ல, சண்டை இல்ல, டீக்காக எவரும் நோன்பை விட்டதா நான் கேள்விப்பட்டதில்ல. அதே தெருவுல பொட்டலப் புகையிலை போடுற பயலைக் கவனிங்க. பகல் பூரா எரிஞ்சு விழுவான். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடிச்சானோ இல்லையோ, கை சட்டைப்பைக்குப் போயிரும். கஞ்சி ஆறிக்கிட்டு இருக்கும். ரெண்டும் ஒண்ணா?

தொண்டி துரை:
அப்ப எனக்கு நம்ம முண்டு மிளகாய் போதை. காரம் பத்தலைன்னா சோறு எறங்காது. புவிசார் குறியீடு வாங்கின போதை! 😀

ஊசிக்காரக்கா:
நான் நர்ஸ். குடிநோயாளிகள் வார்டுலயும் வேலை பார்த்திருக்கேன். ரெண்டு பேரு சொல்றதையும் படிச்சேன். இங்க மூணு விஷயத்தை ஒரே மூட்டையில கட்டுறீங்க.

தலைவலி முதல்ல. டீ, காபியில இருக்கிற கஃபீனுக்கு உடம்பு பழகிடும். திடீர்னு நிறுத்தினா 12லேர்ந்து 24 மணி நேரத்துல தலைவலி, சோர்வு, எரிச்சல் வரும். அதிகபட்சம் ஒன்பது நாள்ல அடங்கிடும். 2013ல வந்த டி.எஸ்.எம்-5ங்கிற மனநல வழிகாட்டி நூல் இதை கஃபீன் விலகல்னு பேர் போட்டு ஏத்துக்குது. ஆனா கஃபீனுக்கு அடிமையாகுறதை அது நோயாப் பட்டியல்ல சேர்க்கல, இன்னும் ஆராயணும்னு தனியா வச்சிருக்கு. உடம்பு பழகுறது வேற. அதுக்காக வாழ்க்கையையே அடகு வைக்கிறது வேற.

அடுத்தது, கெடுதல். கருவாட்டை எடுத்துக்கங்க. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாத்தான் உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிரஷர் இருக்கிறவங்க தினமும் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டா கெடுதல்தான். ஆனா அது அடிமைத்தனம் இல்ல. மாத்திரை எழுதினதும், "சரிம்மா, வாரத்துக்கு ஒருக்கா"ன்னு குறைச்சவங்களைப் பார்த்திருக்கேன். சோத்தோட சேர்த்து டீ குடிச்சா இரும்புச்சத்து உடம்புல சரியா ஒட்டாது, ரத்தசோகை இருக்கிற பொம்பளைகளுக்கு இதைச் சொல்லிக்கிட்டே இருக்கோம். இதுவும் கெடுதல் கணக்கு, போதைக் கணக்கு இல்ல.

மூணாவதுதான் நிஜமான அடிமைத்தனம். அதே டி.எஸ்.எம்-5ல 11 அடையாளம் இருக்கு. ரெண்டோ அதுக்கு மேலயோ ஒரே வருஷத்துல இருந்தா நோய்னு கணக்கு. நினைச்சதை விட அதிகமா எடுக்கிறது, குறைக்கப் பார்த்து முடியாமப் போறது, அதைத் தேடியே நேரம் போறது, வேலையும் வீடும் கெட்டும் விடாம இருக்கிறது, இப்படிப் போகும். எத்தனை கிளாஸ்ங்கிறது அதுல இல்ல, எவ்வளவு பிடிக்கும்ங்கிறதும் இல்ல.

பிடிக்கிறதைப் பத்தி ஒண்ணு சொல்லணும். டெர்ரி ராபின்சன், கென்ட் பெர்ரிட்ஜ்னு மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆளுக ரெண்டு பேரு 1993ல ஒரு கருத்து வச்சாங்க. ரசிக்கிறதுக்கும் வேணும்னு துடிக்கிறதுக்கும் மூளையில வேற வேற ஏற்பாடு. போதை முத்த முத்த துடிப்பு ஏறும், ரசனை ஏறாது, குறையக்கூடச் செய்யும். வார்டுல இதைக் கண்ணால பார்த்தேன். ஒருத்தர்கூட எங்கிட்ட சாராயத்தோட ருசியைப் பத்திப் பேசினதில்ல. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊத்துவேன்னுதான் சொல்வாங்க. எங்க தெருமுனை டீக்கடைக்கு ஒரு தாத்தா வருவாரு. பாலை மறுபடி சுடவச்சுப் போட்டா ஒரு வாய்லயே கண்டுபிடிச்சு, "தம்பி, இது காலையிலப் பாலு"ன்னு கிளாஸைத் தள்ளி வச்சிட்டு எழுந்து போயிருவாரு. வேண்டாம்னு தள்ளத் தெரியுது பாருங்க.

நெய்தல்பொண்ணு:
அக்கா, நல்லாச் சொன்னீங்க. ஆனா ரெண்டு கேள்வி. எங்க அண்ணனும் ஆரம்பத்துல இந்த பிராண்டுதான் வேணும், அதுல சோடா இவ்வளவுதான்னு ரசனையாத்தான் இருந்தாரு. அப்ப யாராவது "இது வெறும் ரசனை"ன்னு சர்டிபிகேட் கொடுத்திருந்தா? இன்னொண்ணு, அந்த 11 கேள்விக்கும் பதில் சொல்றது யாரு? குடிக்கிறவர்கிட்ட கேட்டா ஒண்ணுக்கும் ஆமான்னு சொல்லமாட்டாரு.

பாம்பன்காரன்:
இது சரியான கேள்வி தங்கச்சி. ஆனா அதுக்காக டீயையும் அதே கூண்டுல ஏத்தணுமா? சரக்கு, புகையிலை, சூதாட்டம்னு பேர் சொல்லிப் பேசுங்கன்னுதான் நான் சொல்றேன். தடைக்காலத்துல எங்க பக்கம் போன்ல ரம்மி ஆடிக் கெட்ட பயலுக உண்டு. ஆன்லைன் சூதாட்டத்துக்கு அரசாங்கம் 2022லயே தடைச் சட்டம் கொண்டாந்தும் அந்தக் கிறுக்கு விட்டபாடில்ல. அந்தப் பயலுக கூட்டத்துக்கே வரலை. வந்தவங்க டீ குடிக்கிற பெருசுக.

ஊசிக்காரக்கா:
யாரு பதில் சொல்றதுன்னா, நாங்க வீட்டு ஆளுக்கிட்டயும் கேப்போம். ஒளிச்சு வைக்கிறாரா, கணக்கைக் குறைச்சுச் சொல்றாரா, ஐஸுக்கும் டீசலுக்கும் வச்ச காசு போகுதா. டீக்காக எவனும் பொய் சொல்லி நான் பார்க்கல. உங்க முதல் கேள்விக்கு என்கிட்டச் சுத்தமான பதில் இல்ல. சாராயம், புகையிலையில ரசனை எங்க முடியுதுன்னு முன்கூட்டியே சொல்லமுடியாது. அதனாலதான் அந்தப் பொருள்களுக்கு மட்டும் நான் இரக்கம் காட்டுறதில்ல.

கீழக்கரை காக்கா:
வெத்தலை பாக்கு எந்தப்பக்கம்? விருந்து முடிஞ்சா தட்டுல வைக்கிற பொருளாச்சே.

நெய்தல்பொண்ணு:
நானும் கேக்கணும்னு இருந்தேன். எங்க மாமியா புகையிலை தொடமாட்டாங்க, வெறும் சீவல்தான். கருவாடு காயப்போடும்போதும் வாய் அசைஞ்சுக்கிட்டே இருக்கும். "ஆசைக்கு ரெண்டு"ம்பாங்க. இப்ப கொஞ்ச மாசமா குழம்புல காரம் பட்டாலே வாய் எரியுதுங்கிறாங்க. எனக்கு மிளகாய் அளவு கூடிருச்சோன்னு சந்தேகம்.

ஊசிக்காரக்கா:
மிளகாயை விடுங்க. மாமியாளை வாயை நல்லாத் தொறக்கச் சொல்லி, அவங்க மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா நிமிர்த்தி உள்ள வைக்கச் சொல்லுங்க. போகுதா? பாக்கு தனியாவே புத்துநோய் உண்டாக்கும்னு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ல சொல்லிருச்சு, புகையிலை சேரணும்னு இல்ல. வாய்க்குள்ள தோல் வெளுத்து நார்நாரா இறுகிக்கிட்டே வரும், அதுக்கு முன்னாடி வர்றதுதான் இந்த எரிச்சல். பாக்குல இருக்கிற அரிகோலின் மூளையையும் பிடிக்கும், விட்டா எரிச்சலும் ஏக்கமும் வரும். விருந்துத் தட்டுல இருக்கிறதால அது வெறும் ரசனைப் பக்கம் ஆயிராது காக்கா.

நெய்தல்பொண்ணு:
இப்பத்தான் வச்சுப் பார்த்தாங்க. ரெண்டு விரல்தான் போகுது.

ஊசிக்காரக்கா:
நாளைக்கே அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. சீவல் டப்பாவை இன்னைக்கே எடுத்துருங்க. திட்டுவாங்க, பரவாயில்ல.

நெய்தல்பொண்ணு:
போறேன் அக்கா. டப்பாவை எடுத்தாச்சு, இப்பவே ஒரு ரகளை முடிஞ்சுது. ஆனா பாம்பன் அண்ணே, டீ விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான். எங்க மாமனார் அடுத்த ரமலானுக்கு கீழக்கரை காக்கா வீட்டுல வந்து தங்கட்டும், அப்புறம் பேசுவோம்.

கீழக்கரை காக்கா:
தாராளமா அனுப்பி வைங்க. நோன்பு திறக்க எங்க ஊரு இனிப்பு தொதலும் இருக்கும், டீயும் இருக்கும்.