ஸ்டாண்டெட்ஜ் கால்வாய்ச் சுரங்கம்: முழு நீளத்துக்கும் ஒரே சீரமைப்பு ஏன் இல்லை?

கேள்வி:
இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடரைக் குடைந்து மார்ஸ்டனையும் டிகிளையும் இணைக்கும் ஸ்டாண்டெட்ஜ் கால்வாய்ச் சுரங்கம் 1811-இல் திறக்கப்பட்டது. 1944-இல் கைவிடப்பட்டு, 2001-இல் மீண்டும் படகுகளுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ 5.2 கி.மீ. நீளமுள்ள இச்சுரங்கத்தின் படங்களில் ஓரிடத்தில் செங்கல் வளைவும், சற்றுத் தள்ளி வெறும் பாறையும், பின்னர் ஷாட்கிரீட் (பாறைமேல் வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) பூச்சும் தெரிகின்றன. இதற்குக் காரணம் செலவா, அளவைப் பணியின் முடிவா?

மறுமொழி 1:
பெரும்பாலும் பாறைதான் காரணம், ஐயா. தொடக்கத்திலேயே இச்சுரங்கம் முழுவதற்கும் செங்கல் கட்டப்படவில்லை. உறுதியான மணற்கல் வந்த இடங்களை அப்படியே விட்டு, ஷேல் போன்ற நொறுங்கும் பாறை வந்த இடங்களில் மட்டுமே வளைவு கட்டினார்கள். ஆகவே இத்தகைய சுரங்கத்தை அளப்பவர் நீளத்தையும் அகலத்தையும் குறித்துக்கொண்டு திரும்பிவிட முடியாது. குறித்த இடைவெளிகளில் குறுக்குவெட்டு அளந்து, சுத்தியலால் தட்டிப் பொள்ளல் ஒலி (உள்ளே வெற்றிடம் இருப்பதைக் காட்டும் ஒலி) கேட்கும் இடங்களைக் குறித்து, நீர் கசியும் இடங்களையும் அடியில் தேங்கிய வண்டலின் ஆழத்தையும் சேர்த்துப் பதிவு செய்த பிறகே, எங்கே பாறை போல்ட் (தளர்ந்த பாறையை உள்ளிருக்கும் உறுதியான பாறையோடு பிணைக்கும் எஃகுத் தண்டு), எங்கே ஷாட்கிரீட், எங்கே செங்கல் பழுதுபார்ப்பு என்று முடிவெடுக்க இயலும். சுமார் 2.1 மீட்டர் அகலப் படகுகள் செல்லும் குறுகிய வழி இது என்பதால், பூச்சின் கனமும் கணக்கில் வர வேண்டும்.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். இதற்கு இணையாகப் பிற்காலத்தில் மூன்று ரயில் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. அவற்றுக்கும் கால்வாய்க்கும் இடையே குறுக்கு வழிகள் உண்டு. ரயில் சுரங்கங்களை வெட்டும்போது கல்லையும் மண்ணையும் படகில் வெளியேற்றவே அவ்வழிகள் பயன்பட்டன. இன்று கைவிடப்பட்ட ரயில் சுரங்கம் ஒன்று வாகனம் செல்லும் அவசர வழியாக உதவுகிறது. இழுபாதையே (படகை இழுக்கும் குதிரைகள் நடக்கும் கரைப்பாதை) இல்லாத, மலையுச்சிக்குக் கீழே ஏறத்தாழ 194 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் சுரங்கத்துக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மறுமொழி 3:
முதல் மறுமொழியை ஏற்கிறேன். ஆனால் ஷாட்கிரீட் குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. அது அக்காலத் தொழிலாளர் வெட்டிய பாறை முகத்தை மறைப்பதோடு, அடுத்த ஆய்வாளர் விரிசலைக் கண்ணால் காணும் வாய்ப்பையும் பறிக்கிறது. பூச்சுக்குப் பின்புறம் நீர் தேங்கி அழுத்தம் கூடாதிருக்க வடிதுளைகளும் தேவை. போல்ட் மட்டுமே போதுமான இடத்தில் பூச்சைத் தவிர்ப்பதே முறை; தலைக்குமேல் பாறை சிதறி விழும் இடத்தில் மட்டும் வேறு வழியில்லை.