வயிற்றில் அடி, வலி தோளில். சுளுக்கு வழிக்கலாமா?

தேனிக்காரன்:
நேற்று சாயங்காலம் மாடு குறுக்கே வந்து தம்பி பைக்கோடு விழுந்துவிட்டான். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பித்தது, தலை ஸ்கேனும் நார்மல். ஹேண்டில்பார் முனை மட்டும் இடது விலாவுக்குக் கீழே குத்தி, காசு அகலத்துக்கு ஒரு சிராய்ப்பு. இன்றைக்கு இடது தோள் வலிக்கிறதாம், படுத்தால் கூடுகிறதாம். தோளில் அடியே படவில்லை, கையையும் நன்றாகத் தூக்குகிறான். வாயுப் பிடிப்பு, சுளுக்கு வழித்தால் போகும் என்கிறார் அப்பா.

நர்ஸக்கா:
வழிக்கவே வேண்டாம் தம்பி, இதைப் படித்த கையோடு கிளம்புங்கள், வயிற்றுக்கு ஸ்கேன் கேளுங்கள். இடது பக்கம் 9 முதல் 11 வரையுள்ள விலா எலும்புகளுக்கு உள்ளேதான் மண்ணீரல் இருக்கிறது, ரத்தம் நிறைந்த மெத்தென்ற உறுப்பு. அது கிழிந்து கசிகிற ரத்தம் மேலே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத் தசையை உறுத்தும். அங்கே போகிற நரம்பும் தோளின் உணர்ச்சி நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளைக்கு அது தோள் வலியாகத்தான் தெரியும். படுத்தால் ரத்தம் மேல்பக்கம் ஓடும், வலியும் கூடும். பிரஷர் நார்மல் என்றால் நிம்மதியாகிவிடாதீர்கள், வயசுப் பையன்களுக்கு நிறைய ரத்தம் போன பிறகுதான் பிரஷர் இறங்கும். அதற்கு முன்பே நாடி வேகமாக அடிக்கும், உள்ளங்கை சில்லென்று வேர்க்கும். அப்புறம், டாக்டர் பார்க்கும்வரை சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.

வைகைக்கரை:
அக்கா சொன்னதுதான். தலை ஸ்கேன் நார்மல் என்றால் தலைக்கு மட்டும்தான் நார்மல். மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி, உள்ளே கொஞ்சம் ரத்தம் கட்டினாலே மூளையை நசுக்கிவிடும், சீக்கிரம் தெரிந்தும்விடும். வயிறு அப்படி இல்லை, லிட்டர் கணக்கில் ரத்தம் தேங்கினாலும் வெளியே பெரிதாகக் காட்டாது. தொடை எலும்பு முறிந்தாலும் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளுக்குள்ளேயே போகலாம். ஹெல்மெட்டும் மூடிய இடத்தைத்தான் காக்கும். 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஃபில் ஹியூஸுக்குப் பந்து பட்டது ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தில். அங்கே மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழிந்து, இரண்டு நாளில் இறந்துபோனார்.

தேனிக்காரன்:
மண்ணீரலில் கிழிசலாம், சுற்றிலும் ரத்தம். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், ஐசியூவில் வைத்துப் பார்க்கிறோம் என்கிறார்கள். அது சரியா அக்கா? உடனே எடுத்துவிட வேண்டாமா?

நர்ஸக்கா:
பிரஷர் நிலையாக இருந்தால் இப்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பார்கள், பெரும்பாலும் தானாக ஆறிவிடும். எடுத்துவிட்டால் கிருமித் தொற்று பயம் ஆயுசுக்கும் இருக்கும், நிமோனியாவுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் தடுப்பூசி போட வேண்டிவரும். ஆனால் சில நாள் கழித்தும் கிழிசல் திறந்துகொள்ளலாம், அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் டாக்டர் சொல்லும்வரை பைக், கபடி, மூட்டை தூக்குவது எதுவும் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது எத்தனை வாரம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.