ரெய்டு 1-ல் ஒரு ஹார்ட் டிஸ்க் விலகிவிட்டது, ஆனால் ஸ்மார்ட் சோதனையில் 'பாஸ்டு' என்கிறது

கேள்வி:
லினக்ஸில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டை சாஃப்ட்வேர் ரெய்டு 1 ஆக (இரண்டிலும் ஒரே நகல் இருக்கும் மிரர்) போட்டிருக்கிறேன், வீட்டில் எல்லாருடைய போட்டோக்களும் அதில்தான். நேற்று ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து ரெய்டு நிலையில் இரண்டு 'யூ' வர வேண்டிய இடத்தில் ஒரு 'யூ'வும் ஓர் அடிக்கோடும்தான் வருகிறது, அதாவது ஒரு டிஸ்க் விலகிவிட்டது. ஃபைல்கள் எல்லாம் திறக்கின்றன. விலகிய டிஸ்கை ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் அறிக்கை) பார்த்தால் 'பாஸ்டு'. அப்படியே திரும்பச் சேர்த்துவிடலாமா?

பதில் 1:
கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கிலிருந்து போட்டோக்களை ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு எடுத்துவிடுங்கள், ஏனென்றால் ரீபில்டு (மற்ற டிஸ்கில் நகலை மறுபடி எழுதுவது) தொடங்கினால் அந்த ஒற்றை டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும், ரொம்ப நாளாக யாரும் தொடாத பகுதியில் கெட்ட செக்டர் (டிஸ்கின் சிறு சேமிப்புப் பகுதி) இருந்தால் அப்போதுதான் வெளியே வரும்.
'பாஸ்டு' என்ற ஒற்றைச் சொல்லை நம்பவே வேண்டாம். விலகிய டிஸ்கின் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 199 வரிகளில் கடைசியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், 197 படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை. இந்த இரண்டும் ஏறிக்கொண்டே போனால் புது டிஸ்க் வாங்குங்கள். 199 என்பது டேட்டா போய்வரும்போது நேர்ந்த பிழைகள், அது மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்கை கம்ப்யூட்டருடன் இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம்.

பதில் 2:
கேபிளைத் தொடும் முன் விலகிய டிஸ்கின் சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் அடுத்த ரீஸ்டார்ட்டில் இடம் மாறலாம், அதை நம்பி நல்ல டிஸ்கைக் கழற்றியவர்கள் உண்டு. புது டிஸ்க் என்றால் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும், துளி குறைந்தாலும் ரெய்டு ஏற்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பேக்கப் எடுத்துவிட்டேன். 5, 197 இரண்டும் பூஜ்யம், 199 நூற்றுக்கணக்கில் இருக்கிறது. கேபிளை மாற்றிச் சேர்த்தேன், ஆனால் மொத்த டிஸ்கையும் முதலிலிருந்து எழுதுகிறது. ஒருநாள் மாற்றம்தானே, ஏன் இப்படி?

பதில் 1:
உங்கள் ரெய்டில் பிட்மேப் இல்லை போலிருக்கிறது. அது இருந்தால் எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு இருக்கும், அதை மட்டும் எழுதி முடித்துவிடும். இல்லையென்றால் 4 டிபி முழுவதும்தான். விநாடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தாலே ஏழரை மணி நேரம் ஆகும், உள் தடங்களுக்குப் போகப் போக வேகம் குறையும். இடையில் நிறுத்த வேண்டாம். முடிந்ததும் பிட்மேப்பைச் சேர்த்துவிடுங்கள்.
199 ஒருபோதும் இறங்காது, அதனால் இப்போதுள்ள எண்ணை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் பாருங்கள், அதே எண்ணில் நின்றால் கேபிள்தான். ஏறினால் போர்ட்டை மாற்றிப் பாருங்கள்.
அப்புறம், எடுத்த பேக்கப்பை அழித்துவிடாதீர்கள். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் மிரர் அதை இரண்டு டிஸ்கிலும் அந்த நொடியே அழிக்கும்.

பதில் 2:
மாதம் ஒருமுறை ரெய்டு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும்படி வைத்துவிடுங்கள், டிஸ்க் விலகினால் உடனே மெயில் வரும்படியும். இந்த முறை ரீஸ்டார்ட் செய்யாமல் இருந்திருந்தால் விலகியது உங்களுக்கு எப்போது தெரிந்திருக்கும்?