விமானம் பயங்கரமாகக் குலுங்கிய பிறகு மறுபடி தைரியமாக ஏறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காட்பாடிக்காரன்:
கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன அக்டோபரில் சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு ராத்திரி விமானத்தில் சென்னை திரும்பினேன். ஏறி இரண்டு மணி நேரம் இருக்கும், சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பெல்ட் போடச் சொல்லும் விளக்குகூட எரியவில்லை. முதலில் லேசாக உதறியது. அப்புறம் ஒரே இறக்கம். வயிறு மேலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் கீழே போனேன். முன்னால் இருந்த தட்டு எகிறிப் பருப்பு முழுக்க மேலே பெட்டி வைக்கும் லாக்கர் மூடியில் அப்பிக்கொண்டது. அது நிதானமாக வழிந்து முன் சீட்டுக்காரர் கழுத்தில் சொட்டச் சொட்ட நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவர் துடைக்கவே இல்லை. சாப்பாட்டு வண்டி தள்ளிய பெண் நடைபாதையில் விழுந்துவிட்டார், இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் அவர் தோளைப் பிடித்து அமுக்கி வைத்தார்கள். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்கூட இருக்காது. பக்கத்து சீட்டில் என் பெரியம்மா வயதுள்ள ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்தவர் மீனம்பாக்கத்தில் இறங்கும்வரை விடவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கினாலே கை வேர்க்கிறது. பிரச்சினை என்னவென்றால் பிப்ரவரியில் தங்கைக்குப் பிரசவம், அம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும். 67 வயது, இதுதான் முதல் விமானம். நடந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை, என் சட்டையிலும் பட்டிருந்த பருப்புக் கறைக்கு ஏர்போர்ட்டில் யாரோ இடித்துவிட்டார்கள் என்று கதை விட்டேன். எந்த சீட் எடுக்கலாம், எந்த நேர விமானம் நல்லது, அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர் ஷூ:
நம் ஷூ தொழிலில் வருடத்துக்கு ஐந்தாறு தடவை இத்தாலி, ஜெர்மனி, சீனா என்று போகவேண்டியிருக்கும். உங்களுக்கு நடந்தது எனக்கும் இரண்டு தடவை நடந்திருக்கிறது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் மேலே மாட்டியது ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் இறந்தார், நிறைய பேருக்கு அடி, பாங்காக்கில் இறக்கினார்கள். அன்றைக்கு வாட்ஸ்அப் முழுக்க 6,000 அடி விழுந்தது என்று ஓடியது. விசாரணையின் முதல் அறிக்கை வந்தபோது பார்த்தால், அந்த உதறலில் இறங்கியது 178 அடி, அதுவும் ஐந்து வினாடிக்குள். 6,000 அடி என்பது அதற்கப்புறம் பைலட் தானாகவே நிதானமாக இறக்கிக் கொண்டுவந்தது.

178 அடி என்றால் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். விமானம் சட்டென்று கீழே போக, பெல்ட் போடாதவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறார், கூரை வந்து தலையில் இடிக்கிறது. அங்கே அடிபட்டதில் பலருடைய கதை இதுதான். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் நான் பெல்ட்டைக் கழற்றுவதில்லை, பாத்ரூம் போகும்போது மட்டும்தான். சீட் இறக்கைக்கு நேராக எடுங்கள். கடைசி வரிசை வேண்டவே வேண்டாம்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
தம்பி, எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆள் ராணுவம், அதனால் இந்தக் கதை எங்கள் டீக்கடையில் தினம் ஓடும். நான் தொண்ணூறுகளில் சண்டிகரிலிருந்து லடாக்கில் இருக்கிற லே ஊருக்குப் போனது விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானத்தில். சீட் என்று சொல்லக்கூடாது, பக்கவாட்டில் நாடா பின்னிய பெஞ்சு, காதில் பஞ்சு, நடுவில் வலை போட்டு இறுக்கிக் கட்டிய சரக்கு. மலை மேலே வந்ததும் ஒரு அடி அடித்தது பார், எதிரே இருந்த சிப்பாய் வாந்தி என் பூட்ஸில். எனக்கு அன்றைக்கு என் கல்யாணத்துக்கு வாங்கின கடன்தான் ஞாபகம் வந்தது, சாமி ஞாபகம்கூட வரவில்லை.

இறங்கியபிறகு சரக்கை அவிழ்த்தோம். உள்ளே முட்டை அட்டைகள். ஒன்றுகூட உடையவில்லை, ஏற்றிய ஆள் அப்படிக் கட்டியிருந்தான். நேரத்தைக் கேட்டாயே, லேவுக்கு விமானமெல்லாம் பெரும்பாலும் காலையிலேயே போய்வந்துவிடும். வெயில் ஏற ஏற மலைக்காற்று கிளம்பிவிடும். நீயும் காலை விமானம் எடு.

ஆரணி ஸ்பானர்:
விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், இப்போது பெங்களூரு. ஐயா சொன்ன காலை விஷயம் சரி, ஆனால் அது ஏறும்போதும் இறங்கும்போதும்தான் உதவும். மே மாத மத்தியானம் வேலூர்க் கோட்டைக்கு எதிரே இருக்கிற மலை மேலே பருந்து இறக்கையே அசைக்காமல் வட்டம் போட்டு மேலே போகும், பார்த்திருப்பீர்கள். பாறை சூடாகிக் காற்று மேலே கிளம்புகிறது, அதில் பருந்து சும்மா ஏறுகிறது. அதே காற்றைத்தான் விமானம் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நமக்குக் குலுக்கல், பருந்துக்கு இலவச லிஃப்ட்.

நடுக்கடலில் உங்களுக்கு நடந்தது வேறு. அக்டோபரில் வங்கக் கடல் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. மழை மேகத்தை விமான ரேடார் காட்டிவிடும், பைலட் சுற்றிக்கொண்டு போவார். ஆனால் மேகமே இல்லாத இடத்தில் காற்றோட்டம் மாறினால் ரேடாரில் தெரியாது, ஏனென்றால் அது பார்ப்பது தண்ணீர்த் துளியை, காற்றை அல்ல. உங்கள் விமானத்தில் விளக்கு எரியாததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். பிப்ரவரியில் அந்தக் கடல் இவ்வளவு மோசமாக இருக்காது.

இறக்கை உடையுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். 1995-இல் போயிங் 777 இறக்கையை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்ச பாரத்தில் 150 சதவீதம் தாங்கவேண்டும் என்பது விதி, அது 154-இல்தான் முறிந்தது. அதற்குள் இறக்கை நுனி ஏறக்குறைய 24 அடி மேலே வளைந்திருந்தது. ஜன்னல் வழியாக இறக்கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, அது ஆடாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். கடைசி சீட் ஏன் மோசம் என்று வேலூர் 1, 2 நம்பர் டவுன் பஸ்ஸில் பாகாயம்வரை பின்னால் உட்கார்ந்து போனவர்களிடம் கேளுங்கள்.

பாகாயம் மல்லி:
எல்லாரும் கணக்கு சொல்கிறீர்கள், சந்தோஷம். ராத்திரி 3 மணிக்கு உதறும்போது 178-ம் 154-ம் யாருக்கு ஞாபகம் வரும்? நான் நர்ஸ், அடுத்தவர்களுக்குத் தைரியம் சொல்வதுதான் என் வேலை. ஆனால் ஒன்றரை வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு துபாயிலிருந்து வந்தபோது குலுங்கியதில் அவளை இறுக்கிப் பிடித்து, மறுநாள் பார்த்தால் அவள் கையில் என் விரல் தடம்.

எனக்கு உதவியது ஒரு தண்ணீர் பாட்டில். அடுத்த பயணத்தில் பாதித் தண்ணீரோடு முன் மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு, போச்சு, விழுகிறோம் என்கிறது, பாட்டிலில் தண்ணீர் விரற்கடை அளவுகூடச் சாயவில்லை. உங்களுக்கு நடந்த மாதிரிப் பெரிய அடியில் இது நிற்காது, அப்போது பாட்டிலை உள்ளே வைத்துவிடுங்கள். ஆனால் நூற்றில் தொண்ணூறு குலுக்கல் சின்னதுதானே. இன்னொன்று, பயத்துக்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் தூக்க மாத்திரையை வாங்கி அம்மாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அவர் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மேலே போய் உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு இது மேல்.

காட்பாடிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. காலை விமானம், இறக்கைக்கு நேரே இரண்டு சீட் போட்டாயிற்று, கொஞ்சம் கூடுதல் காசு, பரவாயில்லை. ஹவில்தார் ஐயா, முட்டையை மறக்கமாட்டேன்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தெரியும்டா, யாராவது இடித்தால் பருப்பு காலருக்குப் பின்பக்கமா கொட்டும்? நான்தானே துவைச்சேன்" என்றார். தங்கையும் அப்போதே போனில் சொல்லியிருக்கிறாள். நான் சொல்லட்டும் என்று நான்கு மாதமாக இரண்டு பேரும் காத்திருந்தார்களாம்.

அவருக்குப் பயமெல்லாம் குலுக்கலைப் பற்றி இல்லை. மகளுக்கு இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் இரண்டு கிலோ கொண்டுபோகவேண்டுமாம், அங்கே பிடுங்கிக்கொள்வார்களா என்று காலையிலிருந்து நான்கு தடவை கேட்டுவிட்டார். யாருக்காவது தெரியுமா?