வேம் (VAM, வேரில் குடியேறி வாழும் பூசண உயிர் உரம்) போட்டும் பலன் தெரியவில்லை: உங்கள் வயலில் கண்டது என்ன?

செம்மண்:
பாக்கெட்டைக் குறை சொல்லும் முன் எங்கே போட்டீர்கள் என்று பாருங்கள். மேலாகத் தூவினால் வேருக்குப் போய்ச் சேராது, வெயிலில் வீணாகும். மேட்டுப்பாத்தியில் சதுர மீட்டருக்கு 100 கிராம், மண்ணுக்குள் 2-3 செ.மீ. ஆழத்தில் பரப்பி, அதன்மேல் விதைக்க வேண்டும். பாலித்தீன் பைக்கு 5 முதல் 10 கிராம். வளர்ந்த மரத்துக்கு 200 கிராம். தூரை ஒட்டி வேண்டாம், சற்றுத் தள்ளி மண்ணைக் கிளறிச் சல்லிவேர் தென்படும் இடத்தில் இடுங்கள்.

நாற்றுப்பண்ணை:
அளவெல்லாம் சரி அண்ணே, ஆனால் பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த டிஏபி உரம்தான். இந்தப் பூசணம் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொண்டு மணிச்சத்தைத் தேடித் தருகிறது. மணிச்சத்து காலடியிலேயே கொட்டிக் கிடந்தால் செடி எதற்குச் சர்க்கரையைச் செலவழிக்கும்? மண் பரிசோதனையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டியிருந்தால் வேம் வாங்குவது வீண் செலவு என்பேன். அடியுரத்தைக் குறைப்பதே முதல் வேலை. நிழல்வலைக்குள் வெளிச்சம் ரொம்பக் குறைந்தாலும் இதே கதைதான். கொடுக்கச் செடியிடம் சர்க்கரை இருக்காது.

டெல்டா:
சேற்று நடவு நெல்லில் எதிர்பார்க்காதீர்கள். பூசணத்துக்குக் காற்று வேண்டும், தேங்கிய நீரில் அது ஒடுங்கிவிடும். சரி, அடுத்து வரும் தரிசு உளுந்துக்குப் போடலாமே என்றால், அதை அறுவடைக்கு முன்பே ஈர வயலில் வீசிவிடுகிறோம். விதைக்குக் கீழே இட வழியில்லை. புழுதி விதைப்பு நெல்லுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

செம்மண்:
கோஸ் வயலைச் சொல்ல விட்டுவிட்டேன். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட் வேர்களில் இது குடியேறாது. இவற்றையே அடுத்தடுத்துப் போட்டு, இடையில் ரோட்டவேட்டரால் மண்ணைப் பொடித்தால் பூசண இழைவலை அறுந்து, மண்ணில் இருப்பு குறைந்துபோகும். பிறகு வெங்காயம் வைத்தால் ஆரம்ப வளர்ச்சி மந்தமாக இருக்கும், ஏனென்றால் கிளையும் வேர்த்தூவியும் குறைந்த அதன் வேர் இந்த இழைகளைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. நடுவே ஒரு போகம் மக்காச்சோளமோ சோளமோ போடுங்கள். வேம் பெருக்குகிறவர்களே மக்காச்சோள வேரில்தான் வளர்க்கிறார்கள்.

நாற்றுப்பண்ணை:
மருந்து விஷயமும் உண்டு. பூசணக்கொல்லியான கார்பென்டசிம்மை மண்ணில் ஊற்றினால் வேமும் அடங்கும். நாற்றழுகலுக்கு ஊற்றும் மெட்டலாக்சில் என்ற மருந்து வேமுக்கு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. வேம் மூட்டையைத் தகரக் கொட்டகையில் அடுக்க வேண்டாம். சூடும் ஈரமும் சேர்ந்தால் பூசண வித்துகள் சாகும்.

கரிசல்:
வேம் வேரில் பிடித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது சார்? வேர் வெளுப்பாக இருந்தால் போதும் என்கிறார்கள்.

நாற்றுப்பண்ணை:
வெறும் கண்ணுக்குத் தெரியாது. விதைத்த ஆறாவது வாரம் வாக்கில் இளம் சல்லிவேரை 1 செ.மீ. துண்டுகளாக்கி, 10 சத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 90 டிகிரியில் வெளுக்கும்வரை வைத்து, கழுவி, நீர்த்த அமிலத்தில் நனைத்து, 0.05 சத டிரைபன் நீலம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வேருக்குள் நீல இழையும் உருண்டைப் பைகளும் தெரிந்தால் பிடித்திருக்கிறது. முற்றிய கட்டை வேரை எடுத்தால் ஒன்றும் தெரியாது.