இந்தப் பொங்கல் கூடலை டேம் பூங்காவில் வைப்போமா?

சங்கத்து அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் கூடலுக்கு மண்டபம் பிடிக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. எனக்கு வேறு யோசனை. கே.ஆர்.பி. டேம், அதாவது நம்ம கிருஷ்ணகிரி அணைப் பூங்காவிலேயே கூடுவோம். காணும் பொங்கலன்று அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது, அதனால் மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக் கதை முக்கால்வாசி அந்தப் பூங்காவில்தான் நடந்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் முதன்முதலாக வெளியே போன இடம் அது. அக்காவை மாப்பிள்ளை வீட்டார் பார்த்ததும் அங்கேதான். வீட்டுக்கு வந்து தாம்பூலம் மாற்றியதெல்லாம் அப்புறம். நான் வெளிநாடு கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குடும்பமும் வேன் பிடித்துப் போனோம்.

பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும்தான் டேம். ஆயாவுக்கு அப்படி இல்லை. கட்டுச்சோற்றுத் தூக்கை மரத்தடியில் வைத்ததுமே, எதிரில் வருகிற யாரையாவது நிறுத்தி, "இன்னிக்கு எத்தினி அடி தண்ணி?" என்று கேட்பாள். 52 அடி நிரம்பிவிட்டது என்று பதில் வந்தால் போதும், அன்றைக்கு எங்களுக்கு மீன் வறுவல் நிச்சயம். சிவக்கச் சிவக்க மசாலா தடவிய ஜிலேபி மீனைக் கல்லில் புரட்டிப் போட்டு, மேலே வெங்காயம் தூவித் தருவார்கள். ஆயா முள்ளெடுத்து ஒவ்வொருத்தர் கையிலும் வைப்பாள். தலையைத் தாத்தாவுக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிடுவாள்.

அவள் அடிக்கணக்கு கேட்டதற்குக் காரணம் இருந்தது. 1957-ல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறந்த அணை. அதற்கு முன்னால் எங்கள் காட்டில் கேழ்வரகும் கொள்ளும்தான், அதுவும் மழை பெய்தால். வாய்க்கால் தண்ணீர் வந்த பிறகுதான் தாத்தா நெல் நட்டார். இடது, வலது வாய்க்கால்கள் சேர்ந்து 9,000 ஏக்கர் அளவுக்குப் பாய்கின்றன. காவேரிப்பட்டணம் பக்கத்து ஆட்கள் பலருக்கு வீட்டில் இதே கதைதான் இருக்கும். ஆயாவைப் பொறுத்தவரை பூங்காவுக்குப் போவது என்றால் அடுத்த போகத்துக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வருவதுதான்.

2017 நவம்பரில் அணையின் முதல் மதகு உடைந்தபோது நான் இங்கே வெளிநாட்டில் இருந்தேன். அப்பா போனில், "தண்ணி அத்தனையும் ஆத்தோட போவுதுடா" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நல்லவேளை ஆயா அதைப் பார்க்க இல்லை.

இன்னொரு விஷயம். எங்களிடம் ஒரு கருப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. அணைச் சுவர் பின்னால் தெரிய, ஆயா கேமராவைப் பார்க்காமல் தண்ணீர்ப் பக்கம் திரும்பி நிற்கிறாள். பின்பக்கத்தில் அப்பா கையெழுத்தில் "கிருஷ்ணகிரி அணை, தருமபுரி மாவட்டம்" என்று இருக்கிறது. 2004-ல் மாவட்டம் பிரிவதற்கு முன்னால் எடுத்த இந்த மாதிரிப் படங்கள் உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் கட்டாயம் இருக்கும். தேடி எடுத்து, யார் யார் நிற்கிறார்கள் என்ற விவரத்தோடு குழுவுக்கு அனுப்புங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். பெரிதாக அச்செடுத்துக் கூடலன்று எல்லோரும் பார்க்கிற மாதிரி வைக்கலாம். அச்சுச் செலவு என்னுடையது.

அனுமதி பற்றி ஊரில் இருக்கும் தம்பிகள் யாராவது விசாரித்துச் சொன்னால் நல்லது. ஆற்றில் தண்ணீர் கூடுதலாகத் திறந்துவிட்டால் தரைப்பாலம் மூழ்கிவிடும், பூங்காவுக்குள் விடமாட்டார்கள். அதனால் மண்டபத்தையும் ஒரு பக்கம் பேசி வைத்துக்கொள்வோம். சாப்பாடு வெளியில் சொல்ல வேண்டாம், வீட்டுக்கு ஒரு தூக்கு கட்டுச்சோறு கொண்டுவந்தால் போதும். மீன் அங்கேயே கிடைக்கும்.