நெட்வொர்க் டிரைவருக்குச் சான்று வாங்கிய கதை

வணக்கம். புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன நிறுவனத்தில் நெட்வொர்க் கார்டுக்கு விண்டோஸ் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) எழுதுகிறேன். வாடிக்கையாளர் அதை சர்வரில் போட வேண்டும் என்றார். விண்டோஸ் 10-க்கு மட்டும் என்றால் சோதனை இல்லாமலே மைக்ரோசாஃப்ட் கையொப்பம் வாங்க வழி உண்டு. சர்வர் 2016 முதல் அது செல்லாது, எச்எல்கே (டிரைவர்களைச் சோதிக்க மைக்ரோசாஃப்ட் தரும் சோதனைத் தொகுப்பு) சோதனையில் தேறியே ஆக வேண்டும்.

இதற்கு மூன்று மெஷின் வேண்டும்: சோதனையை நடத்தும் கன்ட்ரோலர் ஒன்று, நம் கார்டு உள்ள மெஷின் ஒன்று, எதிர்முனையில் பேச இன்னொன்று. பின்னால் சொன்ன இரண்டு மெஷினிலும் கன்ட்ரோலரோடு தகவல் பரிமாறத் தனி கார்டு. இதைப் பூட்டுவது ஒரு நாள் வேலை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் சோதனை. ராத்திரி ஓடவிட்டுப் போவோம், காலையில் வந்தால் புளூ ஸ்கிரீன். மூன்று நாள் கேபிளையும் ஸ்விட்சையும் மாற்றிப் பார்த்தேன். நாலாம் நாள் டம்ப்பை (மெஷின் விழுந்தபோது விண்டோஸ் சேமித்த நினைவகப் பதிவு) திறந்தேன். டிரைவரை நிறுத்தி வைக்கச் சொல்லி என்டிஐஎஸ்-இடமிருந்து (விண்டோஸில் நெட்வொர்க் டிரைவர்களை நிர்வகிக்கும் பகுதி) கட்டளை வரும்போது, வந்த பேக்கெட்டுகளை வைத்து விண்டோஸுக்கு மேலே அனுப்பிய பஃபர்கள் (நினைவகத் துண்டுகள்) எல்லாம் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். என் கோட் காத்திருக்காமல் 'முடிந்தது' என்று சொல்லி, பஃபரை விடுவித்துவிட்டது. ஆபீஸில் மாதக்கணக்கில் ஃபைல் காப்பி செய்தும் இது தெரியவே இல்லை. சோதனையின்போது டிரைவர் வெரிஃபையர் (டிரைவரின் தவறுகளைப் பிடிக்கும் விண்டோஸ் கருவி) போட்டு ஓட்டியதால்தான் மாட்டியது. திரும்பாத பஃபர்களை எண்ணி, எண்ணிக்கை பூஜ்யம் ஆன பிறகே பதில் சொல்லும்படி மாற்றினேன். அன்று ராத்திரி தேறியது. வாடிக்கையாளரின் சர்வரில் இது வெடித்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

*கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து:*
அண்ணா, எனக்கு செக்சம் (பேக்கெட் கெடாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) சோதனையில் அடி. யூடிபி என்ற நெட்வொர்க் முறையில் செக்சம் கணக்கிட்டுப் பூஜ்யம் வந்தால், பதினாறு பிட்டையும் ஒன்றாக்கி அனுப்ப வேண்டும். ஐபிவி4-இல் பூஜ்யம் என்றால் செக்சமே போடவில்லை என்று அர்த்தம். எங்கள் கார்டு பூஜ்யத்தையே அனுப்பியது. எப்போதோ ஒரு பேக்கெட்டில்தான் வரும் என்பதால் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அடுத்து, டிரைவரைக் கையொப்பத்துக்கு அனுப்ப மைக்ரோசாஃப்டிடம் நிறுவனக் கணக்கு திறக்க வேண்டும். அதற்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டுமா?

*தட்டாஞ்சாவடி:*
தம்பி, அந்தக் கணக்குக்கு ஈவி சான்றிதழ் (நிறுவனத்தை நன்றாகச் சரிபார்த்துத் தரும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) வேண்டும், அதற்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். நிறுவனத்தின் பதிவு விவரம், முகவரி, ஃபோன் எல்லாம் சரிபார்ப்பார்கள். எங்கள் பதிவில் பழைய முகவரி இருந்ததால், சோதனை எல்லாம் தேறிய பிறகும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.